அறுபத்து நான்கு

பத்து, ஒன்பது, எட்டு என்று
திரை எண்ணத் தொடங்கும்.
அம்புக்குறியை அசைக்காமல் விட்டால் என்னுடையது.
இரண்டு தட்டு கீழே தட்டினால் தம்பியுடையது.
ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம்.
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
எல்லா வீடும் அப்படித்தான்.

டில்லிபாபுவின் விண்டோஸில்
டிரெய்லர் கணக்கு: டீசல், டயர், பேட்டா,
எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்காக
இரண்டு நாள் வரிசையில் நின்ற வண்டியின் செலவு.
என் லினக்ஸில் காற்று.
மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துக்
கம்பியால் கட்டிய சென்சார்
பத்து நிமிடத்துக்கு ஒருதரம் சொல்லும்
மணலிப் பக்கத்துக் காற்றில் தூசி எவ்வளவென்று.

ஆடியில் ஆரம்பித்தது.
அவனுக்கு நீலத்திரை, அதில் உதடு பிதுக்கிய ஒரு முகம்.
எனக்கு உறைந்த சுட்டி,
கறுப்பில் சரியும் வெள்ளை வரிகள்.
"உன் லினக்ஸுதான் ஏதோ பண்ணி வெச்சிக்குது."
"உன் ஓசி விண்டோஸ்ல எத்தனை வைரஸோ."
வஞ்சிரக் குழம்பு ஆறி ஏடு கட்டும்வரை.

கிராபிக்ஸ் டிரைவரை மாற்றிப் பார்த்தேன்.
அவனும் ஒரு டிரைவரை மாற்றினான்:
இருதயராஜ்.
பதினோரு வருஷம் வண்டி ஓட்டியவர்.
கணக்குப்படி திருப்பித் தரவேண்டியது நாலாயிரத்து இருநூறு,
அவர் மேஜையில் வைத்தது நாலாயிரத்து நூற்று முப்பத்தாறு.
சட்டைப்பையிலிருந்து வேர்வையில் நைந்த டைரியை எடுத்து
"இதுல எழுதிக்கிறேன் பாரு தம்பி" என்றார்.
தம்பி திரையைத் திருப்பிக் காட்டினான்.
திரை அசையவில்லை. அன்றைக்கென்று அது
உறையவும் இல்லை, அணையவும் இல்லை.

ரெண்டு சிஸ்டமும் தூங்கட்டும் என்று
ஒரு ராத்திரி பென்டிரைவிலிருந்து கிளப்பினேன்,
நினைவகத்தை மட்டும் சோதிக்கும் சின்ன நிரலை.
எழுதும், வாசிக்கும், ஒப்பிடும்.
எழுதும், வாசிக்கும்.
ஒன்றே முக்காலுக்கு ஒரு சரக்கு ரயில்
ஜன்னல் கம்பியைப் பல் கிட்டவைத்துப் போனது.
அது போனபின் பார்க்கிறேன், திரை முழுக்கச் சிவப்பு.
முகவரிகள் வேறு வேறு,
பிழை மட்டும் ஒன்றே, வரிக்கு வரி:
00000040.

பதினாறின் கணக்கில் நாற்பது.
விரல்விட்டு எண்ணும் நம் கணக்கில் அறுபத்து நான்கு.

நாலாயிரத்து இருநூறில்
நாலாயிரத்து நூற்று முப்பத்தாறு போனால்.
காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.
கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன்.
அந்தப் பெட்டியில் மட்டும் போடவில்லை.

ரிச்சி தெருவில் தொள்ளாயிரத்துக்குப் பேரம் பேசி
நான் வாங்கிவந்த பழைய ரேம்.
அதில் ஓரிடத்துக் குமிழி
அணைத்தாலும் அணையாமல் எரிகிறது,
பூஜ்யம் வைத்தாலும் ஒன்று என்கிறது.
கழற்றி, தங்கப்பற்களை ரப்பரால் தேய்த்து,
துளை மாற்றிச் செருகினேன். அதே நாற்பது.
உப்புக்காற்றின் மேல் பழிபோட
அந்த நேரத்தில் ரொம்ப ஆசையாக இருந்தது.

விடிந்ததும் தம்பி போன் போட்டான்.
"அண்ணே, மிஷின் தப்பா காமிச்சிட்டுது."
ஸ்பீக்கரில் ஹார்ன் சத்தம்,
வேறு யாருடைய வண்டியோ.
"மிஷின் நம்பர்தான் காமிச்சுது தம்பி.
திருடன்னு அதுவா சொல்லிச்சு?"

ஒற்றை ரேமில் இப்போது மெதுவாக எழுந்து நிற்கிறது,
ரெண்டு பக்கமும் விழுவதில்லை.
டில்லிபாபு ஆடியிலிருந்து கணக்கைத்
தாளில் மறுபடி போடுகிறான், என்னிடம் பேசாமல்.

என் கோப்பில் ஆவணி நாலு, அதிகாலை மூன்று மணி:
இருநூற்று ஆறு.
நூற்று நாற்பத்திரண்டாக இருந்து
அறுபத்து நான்கு ஏறியிருக்கலாம்.
உண்மையிலேயே இருநூற்று ஆறாகவும் இருந்திருக்கலாம்.
அன்றைக்கு ஜன்னலைச் சாத்தினேனா?
இருமினேனா?
அம்மாவிடம் கேட்டால் ஆமாம் என்கிறாள்.
எல்லா நாளைப் பற்றிக் கேட்டாலும்
ஆமாம் என்கிறாள்.